பூஜையில் வைத்த மாத்திரைகள்

12 ஆகஸ்ட் 2009, புதன்

ஆபீசில் காலை முதல் பன்றிக் காய்ச்சல் பேச்சுதான். ஆடிட்டர் சார் ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார். எனக்கு மட்டும் அது கன்னத்தைத் தாண்டிக் காதுக்கு எட்ட மாட்டேன் என்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதம். முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது.

எதிர் வீட்டு சொர்ணம்மாள் மாமி இன்றும் வாசலில் பிடித்துக்கொண்டாள். "ராஜஸ்ரீ நன்னா தேறிட்டாளே." அம்மா சிரித்துக்கொண்டே, "தைராய்டு மாமி" என்றாள்.

எங்கள் தெருவில் தைராய்டு கௌரவமான வியாதி. சர்க்கரை அதைவிடக் கௌரவம். எனக்கிருக்கும் லூபஸ் என்றால்தான் கல்யாணம் நின்றுபோகும். தன் உடம்பைத் தானே தாக்கிக்கொள்கிற வியாதி என்று ஜாதகத்தோடு ஒரு சீட்டு வைத்து அனுப்பவா முடியும்? எனக்கோ முப்பத்தொரு வயது.

20 ஆகஸ்ட், வியாழன்

மெடிக்கல் காலேஜ். டாக்டர் ராகேல் நாகர்கோவில்காரர். இந்த மலையாள ஊரில், திட்டினாலும் தமிழில் திட்டுவார். சிறுநீரில் புரதம் போவது குறைந்திருக்கிறதாம். கிட்னி தப்பியது மாத்திரையால்தான்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஜாக்கிரதை என்று டிவியில் சொல்கிறார்களே, அதைக் குறைப்பதே இந்த மாத்திரைதானே, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

"நிறுத்துனேன்னா காய்ச்சல் வரதுக்கு முன்னாடியே நீ போயிருவ, பாத்துக்க. வெளிய இருந்து குடுத்துக் குடுத்து உன் உடம்பு ஸ்டீராய்டைச் சொந்தமா சுரக்க மறந்து போச்சு. காய்ச்சல் வந்தா ஒரு நாள்கூட விடப்பிடாது. நேரா இங்க வா. நான் டோஸைக் கூட்டித் தருவேன்."

அம்மா இதைக் கேட்கவில்லை. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்தக் காய்ச்சல் காலத்தில் அது ஒரு வசதி. எல்லோருமே மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

7 செப்டம்பர், திங்கள்

தூக்கம் இல்லை. பசி, பசி, பசி. தம்பி வெங்கிடேஷ் தயிரை ஒளித்துவைத்துவிட்டான் என்று அழுதேன். தயிருக்கு அழுவது நானா, மாத்திரையா?

19 செப்டம்பர், சனி

கொலு வைத்தாயிற்று. கூட்டம் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நவராத்திரிக்கு வரவாளை வாசல்ல நிறுத்தி, சளி இருக்கோன்னு கேக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா.

வடிவீஸ்வரத்திலிருந்து ஒரு வரன். தசமி கழிந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது என் பழைய போட்டோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் அம்மா. பூசணிக்காய் நான்தான்.

"நானே அவாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"வாயை மூடிண்டு இரு. எனக்கப்பறம் உனக்கு யாரு இருக்கா?" சண்டை போடத்தான் வந்தேன்; பக்கத்தில் உட்கார்ந்து சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக் கொடுத்தேன்.

26 செப்டம்பர், சனி

தொண்டை கரகரக்கிறது. முந்தாநாள் கொலு பார்க்க வந்த ஒரு குழந்தை என் மடியில் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே பாட்டுப் பாடியது. எப்படி இறக்கிவிடுவது?

சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகங்கள், வெங்கிடேஷின் வயலின் எல்லாம் சரஸ்வதி முன்னால் போகும். இந்த டைரியும்தான். திங்கட்கிழமை தசமியன்று பூஜை எடுக்கும்வரை எழுதக்கூடாது, படிக்கக்கூடாது, அதில் யாரும் கைவைக்கக்கூடாது. சரி, சரஸ்வதி படித்துக்கொள்ளட்டும்.

3 அக்டோபர், சனி. ஆஸ்பத்திரி

நடந்ததில் பாதி வெங்கிடேஷ் சொல்லித்தான் தெரியும்.

மாமிகள் வருகிறார்களே என்று, அம்மா சனிக்கிழமை சாயங்காலம் என் மாத்திரை டப்பாவையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் புத்தக அடுக்குக்குள் செருகிப் பட்டுத்துணியால் மூடியிருக்கிறாள். ஒளித்துவைத்ததுதான். திரும்ப எடுக்க மறந்து, மேலேயே பூஜையும் ஆகிவிட்டது.

ஞாயிறு காலை எனக்குக் காய்ச்சல். டப்பா எங்கே என்றேன். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "பூஜைக்குள்ளன்னா இருக்கு. நாளைக்குக் காலம்பர எடுத்துடலாம். ஒரு நாள்தானே, கேட்டியா?"

கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் முக்கு மெடிக்கல் ஷாப்பில் இருப்பவன் சொர்ணம்மாள் மாமியின் தங்கை பிள்ளை. வெங்கிடேஷ் வேறு கடைக்குப் போகிறேன் என்றான். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் முகம் கொஞ்சம் வடியுமோ என்று ஒரு நப்பாசை — பெண் பார்க்க வரப்போறாளே. உசிரை விட மூஞ்சி பெரிசாப் போச்சு எனக்கு. இப்படியும் ஒரு மண்டூகம் உண்டோ?

மத்தியானம் வாந்தி. சாயங்காலம் எழுந்து நிற்கப் போனேன், அதோடு சரி. கூடத்தில் மாமிகள் பாடிக்கொண்டிருக்க, உள்ளே நான் தரையில் கிடந்தேனாம். வெங்கிடேஷ் டாக்டருக்கு போன் செய்தான். மாத்திரை விட்டுப்போனது தெரிந்ததும், "ஒரு நிமிஷம் நிக்கப்பிடாது, ஃபைலையும் மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க" என்று கத்தினாராம்.

அம்மா மாமிகள் நடுவே போய்ப் பட்டுத்துணியை உருவினாளாம். புத்தகங்கள் சரிந்தன. வயலின் தரையில் விழுந்தது. "சுப்பு, என்ன காரியம் பண்றே? பூஜை எடுக்கல்லையே" என்று எழுந்திருக்கிறாள் சொர்ணம்மாள் மாமி.

"எம் பொண்ணுக்கு லூபஸ். ஆறு மாசமா ஸ்டீராய்டு சாப்பிடறா. தைராய்டு ஒண்ணும் இல்லை. வழி விடுங்கோ."

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஆட்டோவில் ஏறினாளாம். இங்கே ஊசி போட்ட பிறகுதான் ரத்த அழுத்தம் ஏறியது. காய்ச்சல் பன்றிக் காய்ச்சல்தான் என்று ரிசல்ட் வந்தது. தனி வார்டில் வைத்திருக்கிறார்கள்.

5 அக்டோபர், திங்கள்

அம்மாவைக் கதவோரம் வரை விட்டார்கள். "என் கையாலயே உன்னைக் கொன்னிருப்பேனேடி" என்றாள். நான்தானே கடைக்குப் போக வேண்டாமென்றேன் என்று சொன்னேன். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள், அழுதால் மாஸ்க் நனைகிறதாம்.

18 அக்டோபர், ஞாயிறு

வடிவீஸ்வரத்துக்கு அம்மாவே போன் போட்டு எல்லாம் சொன்னாள். யோசித்துச் சொல்கிறார்களாம். யோசிக்கட்டும்.

14 நவம்பர், சனி

மாத்திரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. முகம் குறையவில்லை. வடிவீஸ்வரம் இன்னும் யோசிக்கிறது.

வாசலுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "சளி இருந்தா அப்பறமா வாங்கோ, அவளுக்கு ஒட்டிண்டா ஆபத்து" என்று பளிச்சென்று சொல்கிறாள். இரண்டு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சொர்ணம்மாள் மாமி எங்கள் பக்கம் பார்ப்பதே இல்லை. அம்மாவுக்கு அது வலிக்கிறது. அவளுக்கு இந்தத் தெருவைத் தவிர வேறு உலகம் கிடையாது. எனக்காக அதையும் விட்டாள்.

19 ஜனவரி 2010, செவ்வாய்

காலையில் பின்வாசலில் தட்டும் சத்தம். சொர்ணம்மாள் மாமி. பின்னால் அவள் மருமகள் பகவதி. கன்னத்தில் பவுடரை அப்பியிருந்தாள். அடியில், எனக்கு முதலில் வந்த அதே சிவப்பு தெரிந்தது. காபி டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை அவளுக்கு.

"ரெண்டு வருஷமா இருக்கு" என்றாள் மாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வெயில் ஒத்துக்கல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தோம். அந்த டாக்டர் பேர் என்ன சுப்பு?"

அம்மா பேரைச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள், புடவையை மாற்றிக்கொண்டாள், மாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வேண்டா, அங்க கூட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பகவதியின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.