பனியில்லாமல் விதைத்த பெட்டூனியா

ராதோம்,
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள யாத்விகாவுக்கு,

நான் நலம். பெர்கனில் நீயும் மகள் கிங்காவும் பேரனும் நலம்தானே? முதலில் என்னைத் திட்டிவிடு, அப்புறம் மேலே படி. நீ வேண்டாம் என்று சொல்லியும் பெட்டூனியா விதைத்துவிட்டேன்.

ஜனவரியில் போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "இந்த வருஷம் விதை போடாத. பால்கனில பூத்தா யாரு பாக்கப் போறா?" என்றாய். நான் பார்ப்பேனே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனைக் கிங்காவிடம் கொடுத்துவிட்டாய். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்றுதான் போனாய். அவன் இப்போது குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறான் என்று கிங்காவே சொல்கிறாள். நீ திரும்பி வருவாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். நேரே கேட்கப் பயந்துகொண்டு செடிகளைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தக் குளிர்காலம் பனி சரியாக விழவேயில்லை. நீயோ தட்டு மண்மேல் பனியைப் பரப்பி, அதன்மேல்தான் விதை தூவுவாய். தூசி மாதிரி விதை வெள்ளையில் பளிச்சென்று தெரியும், பனி உருகினால் தானே மண்ணில் ஒட்டிக்கொள்ளும். நான் பனிக்கு எங்கே போவது? பிரீசர் சுவரில் படிந்திருந்ததைச் சுரண்டிப் பரப்பினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவுக்கு முளைகள் வந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றைத் தூக்கியடித்து வளர்ந்தது. கலப்புச் செடியின் விதை தாயைப்போல வராது என்று நீ சொல்வாயே, இது ஏதோ புது ரகம் என்று எண்ணி, தயிர்க் கப்பில் தனியாக நட்டு, நல்ல வெயில் விழும் சன்னலில் ராஜமரியாதையோடு வைத்தேன். ஏணி கேட்டு வந்த கீழ்வீட்டு ஸ்தெபானியா நுனியைக் கிள்ளி முகர்ந்தாள்.

"ஏங்க சிக்முந்த், இது பெட்டூனியா இல்ல, சதகுப்பை. வெள்ளரிக்கா ஊறுகாயில போடுவோமே, அதுதான். ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க, போங்க" என்று சிரித்தாள்.

ஊறுகாய்க்காக நீ பிரீசரில் வைத்த சதகுப்பைக் கொத்திலிருந்து உதிர்ந்த விதை அது. இப்போது மாடிப்படி முழுக்க இதே பேச்சு. என்னைப் பார்த்தாலே ஊறுகாய் எப்போது என்று கேட்கிறார்கள்.

மற்றதெல்லாம் நிஜப் பெட்டூனியா. கருஊதாப் பூச்செடியில் எடுத்த விதை, பக்கத்தில் இருந்ததோ வெள்ளைப் பூச்செடி. என்ன நிறத்தில் பூக்குமோ, பார்க்க ஆசையாக இருக்கிறது. அதைவிட ஒன்று மனதைக் குடைகிறது. பெர்கனுக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதம் நீயே இந்த விதையைக் காயவைத்து எடுத்துவைத்தாய். வராமல் இருக்கப்போகிறவள் விதை சேர்ப்பாளா? அப்படியானால் அதற்குப் பிறகு என்ன ஆனது? அந்த ஊர் பிடித்துவிட்டதா, இல்லை நான் இல்லாதது பிடித்துவிட்டதா?

மே நடுவில் வரும் குளிர் சோஃபியா நாள், அதுதான் கடைசி உறைபனி நாள், கழியாமல் செடியை வெளியே வைக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். அதற்குள் வந்துவிடு, யாத்விகா. நீயில்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

கிங்காவுக்கும் பேரனுக்கும் கடவுள் துணை இருக்கட்டும். வருவதென்றால் பதில் எழுதவேண்டாம், டிக்கெட் எடு. வரப்போவதில்லை என்றால் அதை உடனே எழுதிவிடாதே. முதல் பூ பூக்கட்டும். என்ன நிறம் என்று பார்த்துவிடுகிறேன், அப்புறம் எழுது.

என்றும் உன்,
சிக்முந்த்