நூல் வரை தண்ணீர்

அக்கா,

மாற்று வேட்டி எடுத்து வைக்க இன்று காலை பரணிலிருந்து பையை இறக்கினேன். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தபோது உன் தண்ணீர் பாட்டில் கையில் தட்டியது. சரிபாதியில் சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறாய். தையல்காரி முடிச்சு, நகத்தால் நெம்பினாலும் நகரவில்லை. மூடியைத் திறந்தேன். அடைந்து கிடந்த பிளாஸ்டிக் வாடைக்கு உள்ளே, மிக லேசாக, ஏலக்காய். தாகத்தை ஏமாற்ற நீ வாயில் அடக்கிக்கொண்டே இருந்த ஏலக்காய்.

"நூல் வரைக்கும்தான் என் தண்ணி. அதுக்கு மேல இருக்கறது உங்களுது" என்று சொல்வாய். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று டாக்டர் கட்டளை. காப்பி, குழம்பு, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

நாளைக்கு உனக்குத் தலைத்திவசம். காலையில் உன் வீட்டிலிருந்து மாமா போன் செய்தார். "நீ ஒண்ணும் கொண்டார வேணாம்பா, வந்தா போதும். தண்ணிதான் பேஜாரா இருந்திச்சி. விழுப்புரத்துல கொழாயில கலங்கலா வருது. சின்னவன் அவன் போருலேர்ந்து டிரம்முல கொண்டாந்துடறேன்னுட்டான்."

சரி என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் திவசச் சோறு தம்பியின் போர்த் தண்ணீரில் வேகப்போகிறது.

உனக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கு நீ ஒருத்திதான் இருந்தாய். அப்பா விட்டுப்போன நிலத்தை நம் ஊர் அனந்தபுரத்தில் உட்கார்ந்து இரண்டாகப் பிரித்தோம். கேணியைப் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் என் முறை, மறுநாள் தம்பி முறை என்று பேசிக்கொண்டோம். நான் திண்டிவனத்தில் கல்லூரி வேலையில் இருந்தேன். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலி, என்னிடம் படித்த ஒருவனுக்குப் போனது அந்த வருஷத்தில்தான். யாரிடமும் ஒன்றும் பேசாமல் என் பங்கில் தென்னங்கன்று வைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே போய்விடலாம், ஒருவன் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று ஒரு கணக்கு. அடுத்த கோடையில் தம்பி தன் வரப்புக்குள், கேணிக்குப் பக்கத்திலேயே, போர் போட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேணி அடிப்பாறை தெரிய வற்றியது. கன்றுகள் ஒவ்வொன்றாகக் குருத்து காய்ந்தன.

அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. அவன் மகள் காதுகுத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், பந்திக்கு உட்காராமல் பஸ் ஏறினேன். நம் பக்கத்தில் பகையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவனும் புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. உனக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று பார்க்க இருவருமே போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம், தனித்தனியாக, வேறு வேறு நாளில். இருவருக்குமே சர்க்கரை, ஆகாது என்றார்கள். அந்த ஒன்றில்தான் நாங்கள் ஒத்துப்போனோம்.

டயாலிசிஸ் படுக்கையில் கையில் ஊசியோடு கிடந்தபடி ஒருநாள் நீ என்னிடம் சொன்னாய்: "எனக்கு ஒரே ஆசதான்டா. டிவியில காட்டறானே, ஆலப்புழா, அங்க போட்டுல ஒரு நாள் சுத்தணும். நீயும் வரணும், சின்னவனும் வரணும். ஒருத்தன் வரலன்னாலும் நான் போவல." அவனிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். படகிலேயே இரவு தங்குவதெல்லாம் உனக்குக் கூடாது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் போய்த் திரும்ப வேண்டும். டாக்டர் அரை மனதாகத் தலையசைத்தார். மாமா முட்டிவலி என்று வீட்டில் நின்றுகொண்டார். அது முட்டிவலி இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ரயிலில் மூன்று பேரும் மூன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சித்திரை வெயில். கூரை போட்ட சின்னப் படகு, பிரம்பு நாற்காலிகள். நீ நடுவில் உட்கார்ந்தாய். நான் முன்னால், அவன் பின்னால். படகுக்காரருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. நம்மைப் போன்ற கும்பல்களை ஏற்றி ஏற்றிப் பழகியவர். கரையை விட்டுப் படகு நகர்ந்ததும் நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாய்: "வூட்டுல இருந்தா ஒருத்தன் வந்தா ஒருத்தன் எழுந்து பூடறீங்க. இப்ப எழுந்து போங்களேன், பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உனக்குத் தண்ணீர் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. எழுந்து போக முடியாத ஓர் இடம் உனக்கு வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து அதைக் கண்டுபிடித்திருக்கிறாய்.

கால்வாயின் இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீருக்குள் இறங்குகிற படி. ஒரு பெண் கடைசிப் படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அண்டாவைத் தேய்த்து, கழுவி, அந்தத் தண்ணீரை அலட்சியமாக வீசிக் கொட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அழகு என்று எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. இப்படிக் கிடக்கிறதே, இதில் ஒரு கேணி அளவு நமக்கு இருந்திருந்தால், என்றுதான் மனம் ஓடியது.

ஓரிடத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் திரும்பினேன், அவனும் திரும்பினான். கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல், நாங்கள் போய்க்கொண்டிருந்த தண்ணீரைவிடப் பள்ளத்தில் இருந்தது. வயலிலிருந்து தண்ணீரை இறைத்துக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து நின்றுவிட்டான். "யக்கா, தண்ணிய வெளிய எறைக்கறாங்கக்கா. வேணாம்னு எறைக்கறாங்க." அவன் குரலில் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. நீ சிரித்தாய். "மோட்டார் சத்தம் கேட்டா மட்டும் ரெண்டு பேருக்கும் தல ஒண்ணா திரும்புது பாரு."

நான் சிரிக்கவில்லை.

கரையோரக் கடையில் நாங்கள் மீன் சாப்பாடு வாங்கினோம். நீ வீட்டிலிருந்து கட்டி வந்த உப்பில்லாத இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றாய். அதன் பிறகு படகு ஏரிக்குள் போனது. கரை தெரியவில்லை. வெயில் மேலிருந்தும் அடித்தது, தண்ணீரிலிருந்தும் அடித்தது. உன் பாட்டில் அதற்குள் காலி. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாய். ஏலக்காயை ஒதுக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாய்: "சின்னவனே, ஒரு வாய் குடேன்."

அவன் படகிலிருந்த கேனைத் தூக்கினான். நான் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். வருஷக்கணக்கில் தொடாத கை.

"கைய எடுணா."

"டாக்டர் சொன்னது தெரியுமா உனக்கு?"

"ஒரு வாய்தானே. ஒரு வாயில இன்னா ஆய்டும்?"

"தண்ணி விஷயத்துல நீ ஒரு வாயோட நிறுத்தற ஆளா?"

கேனை அவன் கீழே வைத்தான். முகம் கறுத்துப்போயிற்று. "இத சொல்றதுக்குதான் இத்தினி வருஷமா வாயில வச்சிக்கினு இருந்தியா?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப? போடாதன்னுதான் சொல்லியிருப்ப. ரெண்டு வருஷம் மல்லாட்டப் பயிரு காஞ்சிச்சி எனக்கு. உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. நீ வச்ச தென்ன காஞ்சா உனக்கு வருத்தம். என் மல்லாட்ட காஞ்சா எனக்குச் சோறு இல்லணா."

"அதுக்கு என் கேணிய உறிஞ்சுவியா?"

"நம்ம கேணி அது. அப்பா வெட்டினது."

படகுக்காரர் உன்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "சண்டையா, சேச்சி? திரும்பிடலாமா?"

"சண்ட இல்லப்பா, நலம் விசாரிச்சிக்கறாங்க. இன்னும் கொஞ்சம் உள்ள போ. இப்பதான் வாய தொறந்திருக்காங்க."

நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன், அவன் அவனுடையதற்கு. போவதற்கு இடம் இல்லை. நீ படகின் ஓரமாகக் குனிந்து ஏரியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாய். "உப்புக் கரிக்குதுடா. எனக்கு ஆவாதது ரெண்டும் இங்க ஒண்ணா கெடக்குது." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உனக்கு எங்கிருந்து சிரிப்பு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாய்த் தண்ணீரை அப்புறம் நீ கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை. காலி பாட்டிலை என் பையில் செருகினாய். "ஒரு நாளைக்கு இது போதும்டா. பழகிட்டா போதும்" என்றாய்.

திரும்பும் வழியில் கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது, இளம் ஊதாப் பூக்களோடு. நீ ஒன்றைப் பறித்து இதழை விரித்துப் பார்த்தாய், துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரியே. "இந்தக் கலருல எங்கிட்ட சீல இல்ல. இதுக்கு பிளவுஸ் பிட்டு மேட்ச் பண்றது ரொம்ப கஷ்டம், தெரியுமா?" என்றாய். பூவை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாய்: "நான் போனா பொறந்த வூட்டுக் கோடிச் சீல எனக்கு ஒண்ணுதான் வரணும். ரெண்டு பேரும் சேந்து ஒரு தட்டுல எடுத்துக்கினு வரணும். தனித்தனியா எடுத்துக்கினு வந்தீங்கன்னா, எனக்குப் பொறந்த வூடே இல்லன்னு ஊரு சொல்லும்."

அவன் "சரிக்கா" என்றான். அவனுக்கு எதுவும் சீக்கிரம் வரும். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். சேதி அவனுக்கு முதலில் போனது. எனக்கு மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இதையும் நான் மறக்கவில்லை. சேர்ந்து கோடி எடுக்க அவன் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. திண்டிவனத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அந்த ஊதாவைத் தேடினேன். கடைக்காரன் எதற்கு என்று கேட்டான். சொன்னேன். கோடிக்கு யாராவது இந்தக் கலரா எடுப்பார்கள் என்று ஒரு மாதிரி பார்த்தான்.

உன் தெருமுனையில் நான் தட்டும் மேளமுமாக இறங்கினேன். சற்றுப் பின்னால் இன்னொரு மேளம் வந்தது. அவன் செஞ்சியில் எடுத்திருந்தான். அதே ஊதா. ஒரே கட்டில் வெட்டியதுபோல.

வீட்டுக்குள் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் அழுகை நின்றுவிட்டது. ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். "ஒரு பொறந்த வூட்டுக்கு எதுக்குடா ரெண்டு கோடி? அதுவும் இன்னா கலரு இது?" நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த ஒரு நொடியில் அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம் என்று நீ சொல்வாய். உனக்கு எப்போதும் அவன் பக்கம்தான்.

மாமாதான் சொன்னார்: "ரெண்டையும் போத்துங்க. அவளுக்குத் தெரியும்."

நான் பெரியவன் என்பதால் என்னுடையதை முதலில் போர்த்தினார்கள். அதன்மேல் அவனுடையதை. ஆக, பார்த்தவர்கள் கண்ணில் பட்டது அவன் சேலைதான். என்னுடையது அடியில் போயிற்று. இதை நான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. இதை நினைக்கிற மனிதனாக நான் இருப்பதை நீ பார்க்காமல் போனது நல்லது. கூடவே, இதைச் சொல்லித் திட்டு வாங்க நீ இல்லையே என்றும் இருக்கிறது. உன்மேல்தான் எனக்கு ஆத்திரமெல்லாம். எங்களை நடு ஏரியில் உட்காரவைத்து வாயைத் திறக்கவைத்தாய். பிறகு கரையில் விட்டுவிட்டு நீ மட்டும் எழுந்து போய்விட்டாய்.

பாட்டிலைக் கழுவ மனம் வரவில்லை. இன்று காலைவரை இது பையில் இருப்பதே தெரியாது. தெரிந்த இந்தப் பகல் முழுக்க உன் அளவில் இருந்து பார்க்கலாம் என்று காலையில் நூல் வரை ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் மதிய வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. தொண்டை ஒட்டிக்கொண்டது. பிடிவாதமாக இருந்தேன். பேருந்து நிலையம் அருகே ஒருவன் ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அந்தக் குழாயைப் பிடுங்க வேண்டும்போல வெறி வந்தது. வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகக் குடித்தேன். குடிக்கும்போது, ஏரியில் நான் பிடித்த அந்த மணிக்கட்டு ஞாபகம் வந்தது. பிடித்தது சரிதான் என்று எந்த டாக்டரும் சொல்வார். நான் கேட்பது டாக்டரை இல்லை, உன்னை.

நாளைக்குப் பந்தியில் மாமா எனக்கும் அவனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போடுவார். அவர் உன்னிடம் படித்தவர். அவன் தண்ணீரில் வெந்த சோறு, அவன் தண்ணீரில் கொதித்த குழம்பு. உன் திவசத்தில் கை நனைக்காமல் எழுந்தால் அது உன்னையே வேண்டாம் என்றதாகும். நனைத்தால் என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? இந்தக் கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த நிலத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. காய்ந்த தென்னை அடிமரம்கூட இல்லை, பெயர்த்தாகிவிட்டது. இலை முன்னால் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்கலாம் என்றால் நீ இல்லை.

வேட்டி, துண்டு மடித்து வைத்தாயிற்று. இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என் வீட்டுத் தண்ணீரை உன் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, அதே பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். கை தானாகவே நூல் வரைக்கும்தான் ஊற்றியது.

ஒரு நாளைக்கு இது போதும், பழகிட்டா போதும் என்றாயே.

போதவில்லை, அக்கா.