கடைசி ரீல்

9 ஆகஸ்ட் 1964, ஞாயிறு

மணமேல்குடி டூரிங் கொட்டகையில் அந்தப் பழைய படத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள். கூலிக்குக் கொலை செய்யும் வெள்ளைக் கோட்டுக்காரன் படம். சுடுவதற்கு முன் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டுவானே, அவன்தான். மீமிசலிலிருந்து தனியாகச் சைக்கிளில் போய் வந்தேன். கால் இன்னும் கடுக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் சூசையோடு பஸ்ஸில் போய்ப் பார்த்த படம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க, முடியுமுன்பே எழுந்து ஓடினோம். அப்போது திரையில் அந்தக் கோட்டுக்காரன் கப்பல் மேல்தட்டில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"தப்பிச்சுட்டான்டா. ரெண்டாம் பாகம் வரும் பாரு. சேந்து பாக்குறோம்" என்றான் சூசை, வழியெல்லாம்.

பிறகு அவன் பினாங்கு போய்விட்டான். தபால் ஆபீசில் ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துகிறேன். எனக்கென்று வருவது அவனுடையது மட்டும். முடிவில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "ரெண்டாம் பாகம் வந்துருச்சா? வந்தா எழுது, லீவு போட்டு வாரேன்."

இன்று பஸ் கவலை இல்லை. கடைசி வரை உட்கார்ந்தேன். சிகரெட் பாதி எரியுமுன் கோட்டுக்காரனைச் சுட்டுவிட்டார்கள். கடலில் விழுந்தான். கையுறை மட்டும் மிதந்தது. ஜனங்கள் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"படம் முடிஞ்சுருச்சுங்க, எந்திரிக்கலையா?" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

வந்ததும் சூசைக்குப் பதில் எழுதி ஒட்டிவிட்டேன். இங்கு மழை இல்லை. எல்லோரும் சுகம். ரெண்டாம் பாகம் இன்னும் வரவில்லை.