சாப்பிடாமலே ஏறிய சர்க்கரை

ஆம்பூர்

அன்புள்ள பேகத்துக்கு, ஸலாம்.

"நோன்பு திறக்கறப்போ பேரீச்சம்பழம் ஜாஸ்தி தின்றீங்க, அதான் காலைல சர்க்கரை ஏறுது" என்று போனில் திட்டினாய். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். ஒரு பழம்தான் தின்கிறேன்.

விடியுமுன் சாப்பிடும் சஹர் உணவு தினமும் தவறிவிடுகிறது. சாப்பிடாவிட்டால் சர்க்கரை குறையும், அதுவும் நல்லதுதான் என்று நினைத்திருந்தேன். வேலூரில் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"இன்னா பாய், தோல் கம்பெனில கெமிஸ்டா இருந்துட்டு இப்படிச் சொல்றீங்க? வயிறு காலியா இருந்தா கல்லீரலே சர்க்கரை தயார் பண்ணும்."

குளுகாகான் என்ற ஹார்மோன் கல்லீரலைச் சர்க்கரை செய்யச் சொல்லுமாம். இன்சுலின் என்ற இன்னொன்று, போதும் என்று தடுக்குமாம். என் உடம்பில் தடுப்பதற்கு வலு இல்லை. சஹர் சாப்பிடாமல் நோன்பு வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெங்களூரில் மகளுக்கும் கைக்குழந்தைக்கும் இப்போது நீ வேண்டும். திரும்பி வர அவசரமில்லை.

அலாரம் சரியாகத்தான் அடிக்கிறது. அதை அணைத்துவிட்டு, நீ வந்து எழுப்புவாய் என்று படுத்தே இருக்கிறேன். அதற்குள் விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் சாப்பிடக் கூடாதே.

உன் வீட்டுக்காரன்