நோன்புக் கஞ்சியில் உப்பு

கள்ளக்குறிச்சி
18.2.2025

அன்புள்ள மச்சானுக்கு, மெஹ்ராஜின் ஸலாம்.

மலைக்குப் புளி எடுக்கப் போன மனுஷருக்கு வீடு என்று ஒன்று இருப்பது நினைவிருக்கிறதா? போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறாள் ஒருத்தி. அவளோடு மல்லுக்கட்டிச் சலித்துத்தான் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ராஜாங்கம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பல்வலிக்கு டாக்டர் சந்தியாவிடம் போனேன். அவர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உள்பக்கத்தையே பார்த்தார். அங்கே வெள்ளையாக ஒரு திட்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்று நினைத்து, நான் சுண்ணாம்பைக் குறைத்து, அதற்கு ஈடாகப் புகையிலையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"சுண்ணாம்பு இல்லம்மா. நீங்க அடக்கிக்கினு இருக்கிற புகையிலைதான் இது" என்றார். துளி சதை எடுத்துச் சோதித்ததில் இன்னும் புற்று இல்லையாம். புகையிலை, பாக்கு இரண்டையும் விட்டால் மறையலாம். விடாவிட்டால் புற்றாக மாறலாம். கல்யாணமான வருஷமே, நம் மகள் ஜெபீனா வயிற்றில் இருந்தபோது பல்வலிக்கென்று தொடங்கிய பழக்கம். என்னால் விட முடியுமா? பயமாக இருக்கிறது.

உங்கள்
மெஹ்ராஜ் பேகம்

*

கல்வராயன் மலை
22.2.2025

அன்பு மெஹ்ராஜுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

படித்துவிட்டுப் புளி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பீடி ஊதிக்கொண்டே உன்னை விடச் சொன்னால் நீ சும்மா விடுவாயா? பீடியைக் கட்டோடு அடுப்பில் போட்டேன். எங்களுக்குச் சமைக்கும் ஆயம்மாள், "இன்னா பாய், வெறகு தீந்துபோச்சா?" என்றாள்.

அடுத்த வாரம் நோன்பு. பகலில் எப்படியும் தொட மாட்டாய். நோன்பு திறந்த பிறகும் புகையிலைக்கும் பாக்குக்கும் மட்டும் நோன்பு நீடிக்கட்டும். சாமையும் கீரையும் அனுப்புகிறேன். ராத்திரி வாய் ஊறினால் நெல்லிக்காயைக் கடி. நீ இல்லாத வீட்டுக்கு நான் எதற்காகப் புளி விற்க வேண்டும்?

ஜான் பாஷா

*

கள்ளக்குறிச்சி
24.3.2025

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

முதல் வாரம் பேயாக அலைந்தேன். தலைவலி, எரிச்சல், ஜெபீனா என் பக்கமே வரவில்லை. ஒரு நாள் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தும்விட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கடையில் கொட்டினேன்.

இன்று டாக்டர் கண்ணாடியில் காட்டினார். திட்டு கடுகளவுக்குச் சுருங்கியிருக்கிறது! சுற்றிலும் பிறந்த பிள்ளையின் வாய் போல இளஞ்சிவப்பு. நான் செய்தது என்ன? கெடுப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். இந்த உடம்பு என் மேல் ஒரு கோபமும் வைத்துக்கொள்ளாமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. சுப்ஹானல்லாஹ்! மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டத்தான் வேண்டும் என்றார்.

இன்னொன்று கேளுங்கள். நேற்று நோன்பு திறக்கும்போது நான் வைத்த கஞ்சியை வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது. "எப்பவும் இவ்ளோதாம்மா போடுற" என்கிறாள் ஜெபீனா. இத்தனை வருஷம் இதையா முகம் சுளிக்காமல் சாப்பிட்டீர்கள்? என்ன பொறுமை மச்சான் உங்களுக்கு!

உங்கள்
மெஹ்ராஜ்

*

கல்வராயன் மலை
27.3.2025

அன்பு மெஹ்ராஜுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ். வேலையாட்கள் முன்னால் அழுதுவிட்டேன், வெட்கமாகக்கூட இல்லை.

ஆனால் பொறுமை என்று சொல்லி எனக்கு இல்லாத புண்ணியத்தைச் சேர்க்காதே. உன் சமையலில் உப்பு ஜாஸ்தி என்பது எனக்கும் தெரியாது. பீடி என் நாக்கை எப்போதோ தின்றுவிட்டிருக்கிறது. வந்த புதிதில் ஆயம்மாள் சமைத்தது சப்பென்று இருக்கிறது என்று உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். இப்போது வெறும் சாமைச் சோற்றில் ஓர் இனிப்பு தெரிகிறது. இது அதில் எப்போதும் இருந்ததா என்று அவளையே கேட்டேன். "இருந்துக்கினேதான் பாய் இருக்குது" என்றாள்.

நினைத்தால் மலைப்பாக இருக்கிறது மெஹ்ராஜ். கல்யாணமான நாளிலிருந்து நீ சமைத்தாய், நான் சாப்பிட்டேன். உன் சமையல் எப்படி இருக்கும் என்று நம் இருவருக்குமே தெரியாது.

பெருநாளுக்கு முந்தின நாள் பஸ் ஏறுகிறேன். பெருநாள் சோற்றை நீயே ஆக்கு. முதல் முறையாகச் சாப்பிட வருகிறேன்.

ஜான் பாஷா