யன்னலோரத்தை விற்ற நாள்

ஓகஸ்ட் 4, 2025, திங்கள்

ஆசிரியப் பயிற்சியின் முதல் பாடமே படுதோல்வி. நாற்பத்தொரு வயதில் வங்கி வேலையை விட்டது இதற்குத்தானா? பிரான்சிடம் லூசியானா, ரஷ்யாவிடம் அலாஸ்கா என்று அமெரிக்கா நிலம் வாங்கி வாங்கியே பெருத்த கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார்கள். என்னைத் தேறவிடுவதா என்று தீர்மானிக்கப் போகிற ஹெலன் கடைசி வரிசையில் இருந்து பார்த்தார். "நீ சொன்னதெல்லாம் சரி. யார் காதிலும் விழவில்லை."

கூட்டிப்போக வந்த என் கணவர், "முதல் நாள்தானேயப்பா, யோசியாதையும்" என்றார். பாபடோயிட்டோயில் வீடு வந்து சேரும்வரை நான் பாடக் குறிப்புகளையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

விட்டுட்டுப் போனால் என்ன? ஆர் கேட்கப் போகினம்?

ஓகஸ்ட் 11, திங்கள்

இன்று அலாஸ்கா. புத்தகத்தைத் திறக்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளிடம், "யன்னலோர மேசைகள் உங்களுடையவை. பக்கத்து வகுப்புக்கு விற்றுவிடுங்கள்" என்றேன். ஏற்கெனவே சொல்லிவைத்தபடி பக்கத்து வகுப்பிலிருந்து நாலு பேர் வந்து ஒரு சாக்லேட்டை நீட்டினார்கள். வியாபாரம் முடிந்தது. யன்னலோரம் இருந்தவர்களை எழும்பச் சொன்னேன்.

மேரே எழும்பவில்லை. இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிப் பிள்ளை, என் வகுப்பில் இதுவரை பேசாதவள்.

"நாங்கதானே மிஸ் இங்க இருக்கிறம். எங்களைக் கேட்டீங்களா?"

ஒரே கூச்சல். ஹெலனின் பேனா ஓடியது. ஐயோ, எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். பலகையில் எழுதினேன்: 1867. ரஷ்யா விற்றது. அமெரிக்கா வாங்கியது.

திரும்பினால் எல்லார் கண்ணும் பலகையில்.

"அங்க ஆட்கள் இருந்தாங்களா?" மேரேதான் கேட்டாள்.

"இருந்தார்கள். டிலிங்கிட் மக்கள். விற்க ரஷ்யாவுக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள்."

முன்வரிசைப் பையன் சாக்லேட்டைப் பார்த்தான். "அப்ப இது மேரேக்குத்தானே சேரவேணும்?"

"எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "நான் விக்கவே இல்லை."

மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

பிள்ளைகள் போனபின் ஹெலன், "சத்தம் கொஞ்சம் அதிகம்" என்றார். பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அடுத்த பாடத்துக்கு என்ன யோசித்திருக்கிறாய்?"

செப்டெம்பர் 18, வியாழன்

"பள்ளிக்கூடம் தாற வேலைக்கு ஓம் எண்டு சொல்லியாச்சோ?" என்று வந்ததும் வராததுமாய் இவர் கேட்டார்.

"சொல்லாமலோ?"

பெப்ரவரியில் புது வகுப்புத் தொடங்கும்போது என் பெயரை வகுப்பறைக் கதவில் ஒட்ட வேண்டுமாம். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னேன்.