இரண்டு வரிசைப் பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஆய்வகத்தில் நான் வாலு என்று கூப்பிடும் குட்டிச் சிம்பன்சி, விளையாடத் தோன்றினால் மேல்பல்லை மறைத்து வாயைத் திறப்பாள். நானும் அப்படித் திறந்தால் ஓடிவருவாள்.

நேற்று அவளைக் கூப்பிடச் சொன்னார்கள். “எடை பார்க்கத்தான். நீ கூப்பிட்டாதான் வருவா,” என்றார் எங்கள் பேராசிரியர். கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் மயக்க ஊசியோடு நின்றார்கள். அவளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக முன்பே முடிவாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டார். வாலுவுக்கோ, கழுத்தறுத்தவன் நான்.

ஊசியைக் கண்டதும் இரண்டு வரிசைப் பல்லையும் காட்டினாள். “சிரிக்கிறா பாரு,” என்றார் காவலாளி. சிம்பன்சி பயந்தால்தான் அப்படிக் காட்டும், அம்மா.

நீ ஒன்றும் கவலைப்படாதே. தலையணை உறைக்கு உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கேட்டாயே என்று என் படம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரித்திருக்கிறேன்.

உன் மகன்